கைடு புஷ்: அங்குலமும் மில்லிமீட்டரும் மோதும் வளையம்

பெரம்பலூர், அரியலூர் மரவேலை என்றதும் பேச்சு அரும்பாவூருக்குப் போய்விடும். போவதில் தவறில்லை. வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலையை ஒட்டிய அந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா போன்ற மரங்களில், ஒரே கட்டையில், ஒட்டுப் போடாமல் செதுக்குவது அங்குள்ள பெருமை. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலை, கதவு, கட்டில், அலமாரி, டிராயர் செய்து பிழைக்கிற ஆசாரிகளுக்குப் பிழைப்பே ஒட்டுதான். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக் கோயில் தேரைப் பார்த்தால் கூர், துளை, ஆப்பு என்ற மூன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியும். அந்த வரிசையில் நுட்பமானது டவ்டெயில். புறாவின் வால்போல விரிந்த துண்டுகள் அடுத்த பலகையின் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். டிராயரின் முகப்பை எத்தனை முறை இழுத்தாலும் பக்கப் பலகை கழன்று வராது. ஆணி வேண்டாம். பசை துணைக்குத்தான்.

எகிப்தின் பழைய மரப்பெட்டிகளிலேயே இந்த ஒட்டு இருக்கிறது. உளியும் மெல்லிய வாளும் இருந்தால் போதும். கை மட்டும் பழகியிருக்க வேண்டும். பழகிய கை குறைந்துவருகிறது, கூலி ஏறிவருகிறது. ஆகவே மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் மெஷினும், அதன் வெட்டை வழிநடத்தும் டவ்டெயில் ஜிக்கும் சிறு பட்டறைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. ஜிக் வாங்கிய பலர் சில வாரங்களில் அதைப் பரண்மேல் போட்டுவிடுவதும் நடக்கிறது. ஒட்டு தளர்கிறது, அல்லது சுத்தியால் அடித்தாலும் உள்ளே போக மறுக்கிறது, அல்லது இடது ஓரம் பொருந்தி வலது ஓரம் பிளந்து நிற்கிறது. பழி ஜிக்மேல் விழுகிறது. என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட நேரம் குற்றவாளி ஜிக் அல்ல. ரவுட்டரின் அடித்தட்டில் மாட்டுகிற விரல் பருமன் வளையம், அதாவது கைடு புஷ் என்கிற கைடு காலர்தான் கோளாறு செய்கிறது.

வளையத்தின் வேலை எளியது. தட்டையான ஒரு விளிம்பு, அதிலிருந்து கீழே நீளும் குட்டைக் குழல். குழலின் நடுவே பிட் சுழலும். குழலின் வெளிச்சுவர் ஜிக்கின் சீப்புத் தகட்டில் உள்ள பற்களை உரசிக்கொண்டே போகும். பல் எப்படி வளைகிறதோ அப்படியே பிட்டும் வளைந்து மரத்தைத் தின்னும். குழலின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், அச்சின் விளிம்புக்கும் வெட்டு விழும் இடத்துக்கும் உள்ள தூரம் கிடைக்கும். 30 மி.மீ. புஷ்ஷும் 12 மி.மீ. நேர் பிட்டும் போட்டால் வெட்டு 9 மி.மீ. தள்ளி விழும். கீல் பதிக்கவும் பூட்டுக் குழி எடுக்கவும் அச்சு வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய கணக்கு.

டவ்டெயில் சீப்பில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே குழல் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள சந்தில் ஓடுகிறது. வெட்டின் அகலம் பிட்டின் விட்டம். அதோடு சந்துக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவோ அவ்வளவு கூடும். குழல் சந்தைவிட 1 மி.மீ. மெலிந்திருந்தால் வெட்டும் 1 மி.மீ. அகலும். சாதாரண ஜிக்கில் இரண்டு பலகையும் ஒரே ஓட்டத்தில் வெட்டப்படுகின்றன. ஆகவே ஒரு பலகையில் வால் 1 மி.மீ. இளைக்கும், மற்றதில் பள்ளம் 1 மி.மீ. பெருக்கும். மொத்தத் தளர்ச்சி 2 மி.மீ. கடைக்காரர் 'இதுவும் கிட்டத்தட்ட அதே சைஸ்தான்' என்று நீட்டும் வளையத்தை வாங்கும் முன் இந்த இரட்டிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் 'கிட்டத்தட்ட' எங்கிருந்து வருகிறது? ரவுட்டரின் கதையிலிருந்தே வருகிறது. மின்சாரக் கை ரவுட்டரை அமெரிக்காவில் முதலில் பரப்பியவர்களுள் ஒருவர் சிராக்யூஸ் நகரத்து கார்ட்டர். அவருடைய தொழிலை 1929-இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. டவ்டெயில் ஜிக்கும் அமெரிக்கப் பட்டறைகளில்தான் வீட்டுப் பொருளானது. அதனால் அதன் அளவெல்லாம் அங்குலம். சந்தையில் அதிகம் கிடைக்கும் 12 அங்குல ஜிக் வகையில் பலவற்றுக்கு 7/16 அங்குலப் புஷ், அதாவது 11.1 மி.மீ., அதோடு அரை அங்குல, 14 பாகைச் சாய்வுள்ள டவ்டெயில் பிட். போர்ட்டர்-கேபிள் 4200 வரிசை ஜிக்கின் முகம் மூடிய (முகப்பில் வெட்டுத் தெரியாத) ஒட்டுக்கோ 5/8 அங்குலப் புஷ்ஷும் 17/32 அங்குல, 7 பாகைப் பிட்டும் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் உள்ள ரவுட்டர்கள் போஷ், மக்கிட்டா போன்றவை. அவற்றோடு கிடைக்கும் புஷ்கள் மில்லிமீட்டர். ஜிக் அமெரிக்க அச்சில் சீனாவில் வார்த்தது, மெஷின் ஜெர்மன் அல்லது ஜப்பான் வடிவம், பிட் எங்கோ ஒரு பெட்டியில் வந்த செட். மூன்றும் ஒன்றையொன்று முதன்முதலில் சந்திப்பது பெரம்பலூர் பட்டறையில், அந்த வளையத்தில்தான். 11.1-க்குப் பதில் 11 போட்டால் 0.2 மி.மீ. தளர்ச்சி, சமாளிக்கலாம். 15.9-க்குப் பதில் 16 வாங்கினால் சில சீப்புகளில் வளையம் சந்துக்குள் இறங்கவே இறங்காது.

மாட்டும் முறைகளிலும் ஆளுக்கொரு வழி. அமெரிக்க முறையில் அடித்தட்டில் சுமார் 30 மி.மீ. துளையும் அதைச் சுற்றி 35 மி.மீ. அளவுக்குப் படிப்பள்ளமும் இருக்கும். புஷ்ஷைக் கீழிருந்து நுழைத்து மேலே மரையுள்ள வளைய நட்டால் இறுக்க வேண்டும். எளிது, மலிவு, எந்தக் கம்பெனிப் புஷ்ஷும் பொருந்தும். ஒரே தொல்லை, அதிர்வில் நட்டு கழன்றுகொள்ளும். கழன்ற நட்டு சுழலும் பிட்டில் விழுந்தால் பிட்டும் போகும், சீப்பும் போகும். நட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் வைத்தால் பெரிதும் அடங்கும். போஷின் பல மாடல்களில் நெம்புகோலை விலக்கி, புஷ்ஷை வைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். வேகமான முறை, ஆனால் அந்தக் கம்பெனிப் புஷ் மட்டும்தான் ஏறும். மற்றதுக்கு இணைப்பு வளையம் தனியாக வாங்க வேண்டும். மக்கிட்டாவின் சிறு டிரிம்மர்களில் அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, புஷ்ஷின் தகட்டை இடையில் வைத்து மறுபடி திருக வேண்டும். ஐரோப்பாவின் பழைய எலு, இங்கிலாந்தின் டிரெண்ட் வழியில் இரண்டு திருகுகள் விளிம்பைப் பிடிக்கும். நான் தேர்ந்தெடுப்பதானால் திருகு முறைதான். மாற்ற நேரமாகும், ஆனால் நடு வேலையில் கழலாது.

மெஷினும் புஷ்ஷும் ஒத்துப்போகாதவர்களுக்கு ஒரு வழி புதிய அடித்தட்டு. மின்வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 6 மி.மீ. ஹைலம் ஷீட்டோ அக்ரிலிக்கோ போதும். பழைய தட்டின் திருகுத் துளைகளை அதில் பதித்து, புஷ்ஷுக்கு ஏற்ற துளை போட்டால் எந்த முறையையும் எந்த மெஷினுக்கும் கொண்டுவந்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: தட்டு தடித்த அளவுக்குப் பிட் கீழே எட்டாது. எட்டவில்லையே என்று பிட்டை, அதன் தண்டைப் பிடிக்கும் கவ்வியான கொலெட்டிலிருந்து வெளியே இழுத்து வைப்பது விபரீதம். தண்டு குறைந்தது 20 மி.மீ. கொலெட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த அளவு உள்ளே இருக்கும்படி வைத்தும் பிட் எட்டவில்லை என்றால் நீளத் தண்டுப் பிட் தேட வேண்டும், அல்லது தட்டை இளைக்க வேண்டும்.

கொலெட் என்றதும் சொல்லிவிட வேண்டிய ஆபத்து இன்னொன்று. கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ.; நம் சிறு ரவுட்டர்களின் கொலெட் பெரும்பாலும் 6 மி.மீ. கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டு இறுக்கினால் பிடித்ததுபோலத் தோன்றும்; நிமிடத்துக்கு 25,000 சுற்றில் அது பிடி அல்ல. 12-க்கும் 12.7-க்கும் இதே கதைதான். பெரிய மெஷின் வைத்திருப்பவருக்கு வேறொரு முடிச்சு உண்டு. டவ்டெயில் பிட்டின் தலை அகலம், கழுத்து மெலிது. 12.7 மி.மீ. தலை 11.1 மி.மீ. புஷ்ஷுக்குள் நுழையாது. எனவே முதலில் புஷ்ஷை மாட்டி, பிறகு பிட்டின் தண்டைக் கீழிருந்து குழல் வழியாக மேலே செலுத்திக் கொலெட்டில் கட்ட வேண்டும். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய ஒன்பதரை மி.மீ. 6.35 தண்டு போகும், 8 மி.மீ. தண்டும் உரசாமல் போகும். 12 மி.மீ. தண்டு போகவே போகாது. 12 மி.மீ. கொலெட் மட்டும் உள்ள மெஷினுக்கு 8 மி.மீ. குறுக்கும் ஸ்லீவ் வாங்கித்தான் ஆக வேண்டும். கட்டியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கொலெட் நட்டு புஷ்ஷின் மேல்விளிம்பைத் தொட்டால் அந்த ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

தலை குழலுக்குள் நுழையாது என்பதிலிருந்தே பாதுகாப்பு விதி பிறக்கிறது. டவ்டெயில் வெட்டும்போது ரவுட்டரை ஒருபோதும் மேலே தூக்கக் கூடாது. ஆழத்தைப் பூட்டிவிட வேண்டும். ஸ்பிரிங் உள்ள மெஷின் மேலே எழும்பினால் பிட் புஷ்ஷையே கடிக்கும். வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பிட் நின்றபின், கிடைமட்டமாகத் தன் பக்கம் இழுத்து எடுக்க வேண்டும். அலுமினியச் சீப்பில் பல் போன ஜிக்குகள் பல இந்த ஒரு தூக்கலின் கைவரிசை.

இனி நடு. வளையத்தின் நடுவும் சுழலும் தண்டின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அடித்தட்டின் திருகுத் துளைகளில் கொஞ்சம் விளையாட்டு இருப்பதால் பெரும்பாலும் இருப்பதில்லை. சோதிப்பது எளிது. மெல்லிய நேர் பிட் போட்டு, ஒரு நேர்ச்சட்டத்தை இறுக்கிவைத்து, புஷ்ஷை அதன்மேல் உரசியபடி ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு மெஷினைக் கால் வட்டம் திருப்பி அதே கோட்டின்மேல் மறுபடி ஓட்ட வேண்டும். நான்கு திசையிலும் கோடு ஒன்றாக விழுந்தால் நடு சரி. 0.3 மி.மீ. விலகியிருந்தால் எதிரெதிர்த் திசைகளில் 0.6 மி.மீ. வேறுபாடு காட்டும். திருத்த ஒரு கூம்பு வேண்டும்: ஒரு முனை கொலெட்டில் பிடிக்கும் தண்டு, மறுமுனை சாய்ந்த கூம்பு. அடித்தட்டின் திருகுகளைத் தளர்த்தி, கூம்பைக் கொலெட்டில் கட்டி, புஷ்ஷின் வாய்க்குள் அது உட்காரும்வரை மெஷினை அழுத்தி, அப்படியே திருகுகளை இறுக்கினால் தட்டு தானாக நடுவுக்கு வந்துவிடும். கூம்பு இல்லாதவர் ஒரு கைப்பிடியில் சாக்பீஸால் குறி போட்டு, அந்தக் கைப்பிடி எப்போதும் தன் பக்கமே இருக்கும்படி ஓட்டலாம். பிழை போகாது, ஆனால் எல்லாப் பல்லிலும் ஒரே பக்கம், ஒரே அளவு விழும். அதை ஜிக்கின் பக்கத் தடுப்பை நகர்த்திச் சரிக்கட்டிவிடலாம். பாதி வேலையில் கையை மாற்றி மெஷினைத் திருப்பினால்தான் ஒரு ஓரம் பொருந்தி மறு ஓரம் பிளக்கும்.

குழலின் நீளத்தைப் பற்றி ஜிக்கோடு வரும் தாள்கள் அதிகம் பேசுவதில்லை. அது சீப்புத் தகட்டின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 6 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. குழல் போட்டால் குழலின் முனை மரத்தில் மோதி நிற்கும், மெஷின் தகட்டின்மேல் படியாமல் ஆடும். நீளமானதைச் சீவிக் குறைப்பதில் பாவமில்லை. ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் சமன் செய்து, உள்ளும் புறமும் பிசிறு நீக்கிவிட்டால் போதும்.

எல்லாம் மாட்டி முதல் சோதனைத் துண்டை வெட்டியபின் ஒட்டு தளர்ந்திருந்தால் என்ன செய்வது? முகம் மூடிய டவ்டெயிலில் விதி இது: தளர்ந்தால் பிட்டை இறக்கு, இறுகினால் ஏற்று. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. காரணம் பிட்டின் வடிவத்தில் இருக்கிறது. பிட்டின் அடிதான் அகலம், மேலே போகப் போகக் குறுகும். ஆழமாக இறங்கினால் பலகையின் விளிம்பில் விழும் வெட்டு குறுகும். வெட்டு குறுகினால் வாலின் நுனி பருக்கும். பள்ளத்தின் அடியகலமோ பிட்டின் அகலமாகவே நிற்கும். பருத்த வால் மாறாத பள்ளத்தில் இறுகும். 14 பாகைப் பிட்டில் 1 மி.மீ. ஆழ மாற்றம் பொருத்தத்தை ஏறக்குறைய அரை மி.மீ. மாற்றும். 7 பாகையில் அதில் பாதி. 11.1-க்கு 11 போட்டவரின் 0.2 மி.மீ. தளர்ச்சியைப் பிட்டை 0.4 மி.மீ. இறக்கி மீட்டுவிடலாம் என்பதற்கும் இதுதான் கணக்கு. பொருத்தம் சரியாகியும் வால் பலகையின் விளிம்பு மேலே துருத்தினாலோ உள்ளே புதைந்தாலோ பிட்டைத் தொடக் கூடாது. சீப்பைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் திருகி, மரமும் பொறுமையும் தீர்ந்துபோகிறவர்கள் உண்டு.

கனடாவின் லீ கம்பெனி இந்தச் சிக்கலுக்கு அழகான விடை கண்டது. அவர்கள் புஷ்ஷின் வெளிவடிவத்தை முழு வட்டமாக இல்லாமல் மெல்லிய நீள்வட்டமாக்கினார்கள். புஷ்ஷைத் திருப்பினால் பல்லில் உரசும் அகலம் நுணுக்கமாக மாறும், பொருத்தமும் மாறும். கெல்லர் ஜிக்குகள் புஷ்ஷையே தூக்கிப் போட்டுவிட்டு, பிட்டின் கழுத்தில் பேரிங் வைத்து ஓட்டின. நடுப்பிழை என்ற பேச்சே அங்கே எழாது. ஆனால் பேரிங் பிட் விலை கூடுதல், தேய்ந்தால் மாற்று கிடைப்பதும் அரிது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போயும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

என் முடிவு வேறு திசையில் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் சிமென்ட் மாவட்டம். டான்செம், ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா என்று சுண்ணாம்புக்கல்லை நம்பி நிற்கும் ஆலைகளும், அவற்றுக்கு வரும் லாரிகளும் இருக்கிற ஊர்களில் கடைசல் பட்டறைக்குப் பஞ்சமில்லை. புஷ் என்பது வெறும் கடைசல் வேலை. ஒரு விளிம்பு, ஒரு குழல், நடுவே ஒரு துளை. பித்தளைக் கம்பியில் கடைந்தால் பிட் தெரியாமல் தொட்டாலும் பொறி பறக்காது, பிட்டின் கார்பைடு முனைக்கும் இரும்பைவிடச் சேதம் குறைவு. கடைசல்காரர் வெர்னியர் வைத்து 0.05 மி.மீ.-க்குள் நிற்பது சாதாரணம். ஆசாரி செய்ய வேண்டியது ஜிக்கின் சீப்பையும் ரவுட்டரின் அடித்தட்டையும் பிட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போவது. தாளில் எழுதிய எண்ணை எடுத்துப் போவதல்ல. சீப்பின் சந்தை அளந்து அதைவிட 0.1 மி.மீ. குறைவாக வெளிவிட்டம், தண்டைவிட ஒன்றரை மி.மீ. கூடுதலாக உள்விட்டம், தகட்டைவிட 1 மி.மீ. குறைவாகக் குழல் நீளம், அடித்தட்டின் பள்ளத்துக்குச் சிக்கென்று உட்காரும் விளிம்பு. நடு சரிபார்க்கும் கூம்பையும் அதே கையோடு கடைந்து வாங்கிவிடலாம். அங்குலமா மில்லிமீட்டரா என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துபோகும்.

எல்லாருக்கும் இது தேவையா என்றால் இல்லை. இன்று வீடுகளில் போடும் டிராயர்களில் பெரும்பகுதி பிளைவுட், இரண்டு பக்கமும் டெலஸ்கோப்பிக் சேனல். பிளைவுட்டில் டவ்டெயில் எடுத்தால் மேல்தாள் சிதறும், அடுக்குகள் பிரியும். அங்கே திருகும் பசையும் போதும். தேக்கு, வேம்பு, பூவரசு என்று கட்டை மரத்தில் டிராயரோ பெட்டியோ கேட்டு வருகிறவர் இருந்தால் ஜிக் தன் விலையைச் சம்பாதிக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் உளியே சிக்கனம். ஜிக்கை அமைத்துச் சரிபார்க்கும் நேரத்தில் பழகிய ஆசாரி இரண்டு மூலையை முடித்திருப்பார்.

மரத்தைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. வேம்பின் நார் பின்னிக்கிடப்பதால் வெளிமுகத்தில் பெயரும். முதலில் வலமிருந்து இடமாக மேலோட்டமாக ஒரு கீறல் ஓட்டம் ஓட்டிவிட்டு, பிறகு இடமிருந்து வலமாக முழு வெட்டுக்குப் போனால் விளிம்பு சுத்தமாக நிற்கும். பின்னால் ஒரு வீண் பலகை வைப்பது கட்டாயம். தேக்கு பிட்டை விரைவில் மழுங்கடிக்கும். மழுங்கிய பிட் உஷ்ணமேறி மரத்தைக் கருக்கும், மெஷினை ஒரு பக்கம் தள்ளும். அப்போதும் ஒட்டு தளரும், அப்போதும் பழி ஜிக்கின் தலையில் விழும். சோதனைத் துண்டு கடைசி வேலைக்குரிய அதே மரமாகவும் அதே தடிமனாகவும் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அறுத்து அடுக்கிய பலகை ஐப்பசி ஈரத்தில் அதே அளவில் இராது. ஆகவே கையால் அழுத்தினால் போகிற அளவுக்கு விட்டு, பசை தடவியபின் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்குகிற பொருத்தமே நல்லது. சுத்தியால் அடித்து ஏற்றும் இறுக்கம் பசை ஈரத்தில் மரம் ஊதியதும் வாலைப் பிளக்கும்.

சரியாக அமைந்த ஒரு வெட்டுத் துண்டை வீசாமல் வைத்துக்கொள்வது அடுத்த முறைக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மெஷினை அதன்மேல் வைத்து, பிட்டின் முனை பழைய பள்ளத்தின் அடியைத் தொடும்வரை இறக்கிப் பூட்டினால் ஆழம் வந்துவிடும். அந்தத் துண்டையும், கடைந்த புஷ்ஷையும், அதற்கேற்ற பிட்டையும், கூம்பையும் ஒரே டப்பாவில் போட்டு, டப்பாவின்மேல் எந்த ஜிக்குக்கு உரியது என்று எழுதி வைக்க வேண்டும். வேறு வேலைக்கு யாராவது அந்தப் பிட்டை எடுத்துச் சாணை பிடித்துவிட்டால் அதன் விட்டம் குறைந்திருக்கும். அன்றைக்கு மறுபடியும் சோதனைத் துண்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.